மகிழ்ச்சியோடு மட்டும் குனியவும்

நெவில் ப்ரௌஸுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, இடுப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்ற வகுப்பில்தான். மரிங்கா கவுன்சிலின் மண்சாலைகளில், மண்ணைச் செதுக்கிச் சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியைக் கால் நூற்றாண்டு ஓட்டியவன் அவன். அந்த வண்டியின் குலுக்கலில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிட்னியிலிருந்து வந்த பயிற்சியாளர் பெண், காலிப் பெட்டியை எப்படிக் குனிந்து எடுப்பது என்று செய்து காட்டிவிட்டு, அவனை முதலில் கூப்பிட்டாள். நெவில் அவள் சொன்னபடியே முழங்காலை மடக்கினான், முதுகை நிமிர்த்தினான், மூச்சை இழுத்தான், பெட்டியைத் தொட்டான். அப்படியே நின்றுவிட்டான். நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவனை அதே கோலத்தில் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினோம். நாங்கள் தூக்கிய முறை தவறு என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டாள்.

என் பெயர் லெஸ். கவுன்சில் பணிமனையில் சாமான் அறையும் வண்டிச் சாவிகளும் என் பொறுப்பு. நெவிலோடு தினமும் பத்து மணித் தேநீர் குடித்தவன் என்ற தகுதியில்தான் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்க நேர்ந்தது.

ஊர் டாக்டர் அவனைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பெரிதாக ஒன்றுமில்லை என்றார். வயிற்றையும் இடுப்பையும் சுற்றிய தசைகள் தளர்ந்துவிட்டன, தினமும் நடக்க வேண்டும், தரையில் முழங்கையை ஊன்றிப் பலகை போல விறைப்பாகக் கிடக்க வேண்டும், ஆறு வாரத்தில் கிரேடரில் ஏறிவிடலாம் என்றார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வருடம்தான் எங்கள் கவுன்சில் நூலகத்தை மூடிவிட்டு, அதே கட்டடத்தில் 'மக்கள் மற்றும் மகிழ்ச்சிப் பிரிவு' என்று ஒன்றைத் திறந்திருந்தது.

அதன் தலைவர் கேரத் பில்பீம் கடற்கரைப் பக்கத்து ஆள். அலுவலகத்தில் காலணி போட மாட்டார். மண்ணோடு உடம்புக்குத் தொடர்பு வேண்டுமாம். அறை முழுக்கக் கம்பளம் விரித்திருந்தது. நெவிலைக் கூப்பிட்டு அனுப்பியபோது, துணைக்கு ஒரு ஆளை அழைத்து வரலாம் என்று விதி இருந்ததால் நான் போனேன். எங்களை நாற்காலியில் உட்காரச் சொல்லாமல் ஆளுக்கொரு பெரிய ரப்பர் பந்தைக் காட்டினார்கள். இடுப்பு பிடித்த மனிதன் பந்தின் மேல் உட்கார்ந்ததை நான் விவரிக்கப் போவதில்லை.

"டாக்டர நான் மதிக்கிறேன், நெவில்" என்றார் பில்பீம். "ஆனா அவங்க உங்க முதுக மட்டும் பாக்கறாங்க. நாங்க உங்கள முழுசா பாக்கறோம். பிடிக்காத பயிற்சிய செஞ்சா தசை வலுவாகும், மனுஷன் வாடிப்போவாரு. அதனால நம்ம கொள்கைப்படி, மையத் தசைகள, அதான் வயிறு இடுப்புத் தசைகள, மகிழ்ச்சியான செயல்கள் மூலமாத்தான் வலுப்படுத்தணும். மகிழ்ச்சி இல்லாம வந்த வலுவ நாங்க கணக்குல சேக்க மாட்டோம்."

நெவில் பந்தின் மேல் அசையாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டே, கிரேடரில் எப்போது ஏறலாம் என்று மட்டும் கேட்டான்.

"மகிழ்ச்சி வந்த அன்னிக்கே ஏறலாம். செப்டம்பர் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள வரலேன்னா, உங்க நலனுக்காகவே உங்கள வேலையிலேருந்து விடுவிச்சிருவோம். கிரேடரையும் வித்துருவோம். ஓட்ட ஆளில்லாம நிக்கிற வண்டி இந்த நிறுவனத்தோட ஆற்றல அடைச்சுக்கிட்டு நிக்குது பாருங்க."

வெளியே வந்ததும் நெவில் கிரேடர் நிற்கும் பக்கம் நடந்தான். மனைவி பிரிந்துபோய் வெகுநாளாயிற்று. வீட்டில் ஒரு கிழட்டு நாய் இருந்தது. மற்றபடி அவனுக்கு இருந்தது மஞ்சள் நிறத்தில் ஒரு வண்டியும், ஊரிலிருந்து கடைசிப் பண்ணை வரை போகிற செம்மண் சாலையும்தான். அவை போனால் அவன் என்ன செய்வான் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

முதல் மகிழ்ச்சி, துடுப்புப் பலகை. தண்ணீரில் பலகையை மிதக்கவிட்டு அதன்மேல் நின்று துடுப்புப் போட்டால் வயிற்றுத் தசை இறுகும் என்பது உண்மைதான். எங்கள் ஆற்றில் தண்ணீர் வந்து மூன்று கோடை ஆகிறது. பில்பீம் அதற்கெல்லாம் அசரவில்லை. கவுன்சில் முன்புறப் புல்வெளியில் பலகையைப் போட்டு, நெவிலை அதன்மேல் ஏற்றி, கையில் துடுப்பைக் கொடுத்தார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் நின்று ஹாரன் அடித்தது. பேக்கரிக்காரர் இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து எதிரே நின்று சாப்பிட்டபடி வேடிக்கை பார்த்தார். நெவில் தலைத்தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, சொன்ன நேரம் முழுக்கப் புல்லைத் துழாவினான்.

மகிழ்ச்சியை அளக்க டீகன் லாக்ஸ்லி என்றொரு பெண் இருந்தாள். படித்து முடித்து நேரே எங்கள் ஊருக்கு வந்தவள், கெட்ட பெண் இல்லை. கையில் ஒரு தொடுதிரையோடு எதிரே நின்று, முகத்தைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று போடுவாள். இங்கேதான் நெவிலுக்குச் சனி பிடித்தது. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு முகம் என்பது வெயிலுக்காகச் சுருக்கி வைத்துக்கொண்ட ஒன்று. ஈ உள்ளே போய்விடும் என்று வாயையும் அதிகம் திறப்பதில்லை. நெவில் கல்யாணத்தன்று எடுத்த படத்தையும் அவன் அப்பாவைப் புதைத்த அன்று எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சட்டையைப் பார்த்துத்தான் எது எது என்று சொல்ல முடியும்.

"எப்படி இருந்துச்சு நெவில்?" என்பாள் டீகன்.

"பரவாயில்ல" என்பான் நெவில்.

பரவாயில்லை என்பது எங்கள் ஊரில் மிகப் பெரிய பாராட்டு. உலகக் கோப்பையை வென்றாலும் நாங்கள் அதற்கு மேல் போவதில்லை. டீகனின் திரையில் அதற்குப் பத்துக்கு மூன்றுதான்.

அடுத்து இடுப்பில் மாட்டிச் சுழற்றும் வளையம். அதில் அவன் கெட்டிக்காரன் என்று தெரிந்தது. வளையத்தை மாட்டிவிட்டால் சாப்பாட்டு நேரம் வரை கீழே விழாது. வேலைக்காரர்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். மதிப்பெண் இரண்டு. அதற்கடுத்து மேளம் அடித்துக்கொண்டு குந்தி எழுவது. பிறகு கவுன்சில் கூட்ட அறையில், எங்கள் ஷயரின், அதாவது வட்டாரத்தின், தலைவர் படத்துக்குக் கீழே, வட்டமாக நின்று காரணமில்லாமல் சிரிப்பது. வயிறு குலுங்கினால் தசை இறுகுமாம். எல்லோரும் சிரித்தார்கள். நெவில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரோ இறந்துவிட்டது போல மரியாதையாக நின்றான். அன்றைக்கு மதிப்பெண்ணே போட முடியாது என்று டீகன் வருத்தத்தோடு சொன்னாள்.

இதற்கிடையில் அவன் திருட்டுத்தனமாக டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்துகொண்டிருந்தான். காலையில் வீட்டுக் கொட்டகையில் நாய் பார்க்கப் பலகை போலக் கிடப்பான். சலிப்பான வேலை என்று என்னிடம் சொன்னான். ஆனால் இடுப்பு நேராகிவிட்டது. லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாய் உருட்டி நிறுத்தினான். ஒரு நாள் பணிமனையில் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் கிடந்தபோது பில்பீம் வெறுங்காலோடு ஓசைப்படாமல் வந்து பிடித்துவிட்டார். மகிழ்ச்சியின்றி உடற்பயிற்சி செய்த குற்றத்துக்காக நெவிலுக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. அனுமதியில்லாத வழியில் குணமானதால் அந்தக் குணம் செல்லாது என்றும் சொன்னார்கள்.

"உங்க உடம்பு வளையுது, ஆனா உங்க ஆற்றல் வளையல" என்றார் பில்பீம். "அடைப்பு ஆழமா இருக்கு. இனிமே ஆற்றல் சிகிச்சைதான்."

ஆற்றல் சிகிச்சைக்குப் பழைய நூலகத்தில் குழந்தைகள் புத்தகப் பகுதியை ஒதுக்கியிருந்தார்கள். சுவரில் முதலையும் கங்காருவும் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தன. சிகிச்சை தருபவள் பிரான்வின் டிக்கெல். இருபது வருடம் எங்கள் நூலகர். நூலகத்தை மூடியபோது, கவுன்சிலில் மிச்சமிருந்த ஒரே வேலை இதுதான் என்று சொல்லி, ஒரு சனி ஞாயிறு பயிற்சிக்கு அனுப்பி, கழுத்தில் ஒரு பளிங்குக் கல்லை மாட்டிவிட்டார்கள். அவள் வீடு செம்மண் சாலையில் வெகுதூரம் உள்ளே. கிரேடர் நின்ற நாளிலிருந்து சாலை முழுக்க அலையலையாகத் தகரக் கூரை போல மேடும் பள்ளமும் விழுந்துவிட்டது. தினமும் அதில் குலுங்கி வந்து, காரைவிட்டு இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

நெவிலைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்ன தோன்றுகிறது என்று அவள் கேட்டதற்கு, அந்த விரிப்பு நல்ல விரிப்பு என்றான் நெவில். நேரம் முடிந்தது. அவன் எழுந்து பூட்ஸைக் கட்டினான். பிறகு கட்டிலைக் காட்டினான்.

"சரி, இப்ப நீ படு, பிரான்."

"நானா? எதுக்கு?"

"நீ ஒரு சுத்து குடுத்துட்ட. அடுத்த சுத்து என்னோடது."

எங்கள் ஊரில் ஒருவன் நமக்கு ஒரு கோப்பை பீர் வாங்கிக் கொடுத்தால், அடுத்தது நாம் வாங்கியாக வேண்டும். வாங்காமல் நழுவுகிறவனைப் பற்றி அவன் செத்த பிறகும் பேசுவார்கள். இது பீர் இல்லை, இதில் அப்படி முறை கிடையாது என்று பிரான்வின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சும்மா வாங்கிக்கொண்டு போகிற ஆள் நான் இல்லை என்று நெவில் நகராமல் நின்றான். கடைசியில் அவள் படுத்துக்கொண்டாள். அவன் எண்ணெய்க் கறை படிந்த இரண்டு கைகளையும் அவள் முதுகுக்கு மேலே பிடித்துக்கொண்டு, சாலையில் சிறுவர்கள் கடக்கக் காத்திருப்பவனைப் போல நின்றான்.

"இருபது வருஷம் இந்தக் கட்டடத்துல நின்னுக்கிட்டே இருந்திருக்கேன்" என்றாள் பிரான்வின், தலையணைக்குள்ளிருந்து. "ஒருத்தர் கூட படுன்னு சொன்னதில்ல." அவ்வளவுதான், தூங்கிவிட்டாள்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பில்பீம் இதைப் பார்த்துவிட்டார். அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன். மறுநாள் நெவில் 'ஆற்றல் துணைவர்' என்று நியமிக்கப்பட்டான். கழுத்தில் அவனுக்கும் ஒரு கல்.

கூட்டம் வரத் தொடங்கியது. தபால்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மா, பண்ணைக்காரர்கள், அவர்கள் மனைவிமார் எல்லோருக்கும் இடுப்பு வலி. செம்மண் சாலையில் குலுங்கி வந்து, அசையாத ஒரு கட்டிலில் இருபது நிமிடம் படுத்தால் யாருக்குத்தான் சுகமாக இருக்காது? எழுந்து, இது அற்புதம் என்று சொல்லிவிட்டு, அதே சாலையில் குலுங்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். அடுத்த வாரம் மறுபடி வருவார்கள். வருகிறவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் பில்பீமின் வரைபடத்தில் கோடு கூரையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"சாலை மோசமாக மோசமாக, மக்கள் தங்கள் உடம்போட பேச ஆரம்பிச்சிருக்காங்க" என்று அவர் கவுன்சில் கூட்டத்தில் பூரிப்போடு சொன்னார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அவர்களில் இருவர் அன்று நெவிலிடம் நேரம் குறித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

பள்ளிப் பேருந்து அம்மாவின் பெயர் ஜொவான். ஒரு நாள் அவள் படுத்தபடியே நெவிலைக் கேட்டாள்.

"ஏன்ப்பா, இந்தக் கைய எம்மேல பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு, அந்த ஸ்டியரிங்ல வெச்சா என்ன?"

"விட மாட்டேங்கறாங்க, ஜொவான்."

"உனக்குத்தான் சரியாயிடுச்சே."

"சந்தோஷம் பத்தலையாம்."

அவள் சிரித்தாள், சிரித்ததில் இடுப்பில் சுரீர் என்றது. நெவில் சிரிக்கவில்லை. அன்று மாலை சாவி அறைக்கு வந்து, ஆணியில் தொங்கிய கிரேடர் சாவியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் யார் மேல் ஆத்திரப்படுவது? அங்கே எல்லோரும் அவன் நன்மைக்காகத்தான் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் முடியப் போகிற சமயம் கடைசிக் கூட்டம். ஆற்றல் துணைவராக நெவில் சிறப்பாக இருப்பதால், கிரேடரை விற்றாலும் அவனைக் கல்லோடு வைத்துக்கொள்ளலாம் என்று பில்பீம் யோசனை சொன்னார். பிறகு, ஒப்புக்காக, இதுவரை செய்த செயல்கள் பிடிக்கவில்லை என்றால் எதுதான் மகிழ்ச்சி தரும் என்று கேட்டார். அத்தனை மாதத்தில் அதை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"கிரேடர்" என்றான் நெவில்.

பில்பீம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. அதிர்கிற இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது மையத் தசைக்கு உகந்ததுதான் என்றார். ஆனால் நிபந்தனைகள் உண்டு. அது வேலை இல்லை, மகிழ்ச்சியான செயல். எனவே சம்பளம் கிடையாது. செம்மண் சாலையோரம் தண்ணீர் இறைக்கிற காற்றாடி வரை போய்த் திரும்ப வேண்டும். டீகன் பின்னால் காரில் வந்து முகத்தைப் பார்ப்பாள். மிக முக்கியமாக, மண்ணைச் செதுக்கும் பிளேடைக் கடைசி வரை தூக்கியே வைத்திருக்க வேண்டும்.

"பிளேடு தரையத் தொட்டா அது வேலையாயிடும், நெவில். மகிழ்ச்சிக்கும் வேலைக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கணும். அந்தக் கோட்டக் காப்பாத்தத்தான் இந்தப் பிரிவே இருக்கு."

எட்டு மதிப்பெண் வந்தால் வேலைக்குத் தகுதி என்று சான்றிதழ். வராவிட்டால் திங்கட்கிழமை கிரேடரை ஏற்றிப் போக லாரி வரும்.

வெள்ளிக்கிழமை காலை. முந்தின நாள் கொஞ்சம் தூறல் விழுந்து, செம்மண் கறுத்திருந்தது. நான் சாவியைக் கொடுத்தேன். நெவில் கழுத்துக் கல்லைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு ஏறினான். டீகன் காரை நான் ஓட்டினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கிரேடரின் பக்கக் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இருக்கையில் அவள் இரண்டு தலையணை போட்டிருந்தாள். இந்தச் சாலையில் வந்து வந்து அவளுக்கும் இடுப்பு போய்விட்டிருந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் நெவில் சிரித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், பல் தெரிந்தது. டீகன் என் தோளைப் பிடித்து உலுக்கி, எட்டு என்றாள். கொஞ்ச தூரம் போனதும் ஒன்பது. பிளேடு அந்தரத்தில் தொங்க, வண்டி பள்ளங்களின் மேல் தடதடவென்று ஓடியது. இப்படியே காற்றாடி வரை போய்த் திரும்பினால் போதும்.

பாதி வழியில் கிரேடர் நின்றது. நெவில் கதவைத் திறந்து இறங்கி, காலால் மண்ணைத் தேய்த்துப் பார்த்தான். குனிந்து ஒரு பிடி எடுத்துக் கையில் உருட்டினான். ஈரம் பக்குவமாக இருந்தது. காய்ந்தால் தூசியாகப் போகும், அதிகமானால் சேறாக ஒட்டும். இந்தப் பக்குவம் வருடத்தில் சில நாள்தான் கிடைக்கும். அவன் மறுபடி ஏறினான். பிளேடு மெதுவாகக் கீழே இறங்கித் தரையைத் தொட்டது.

"ஐயோ, வேணாம்னு சொல்லுங்க லெஸ்" என்றாள் டீகன்.

நான் சொல்லவில்லை. கிரேடர் நகர்ந்தது. செதுக்கிய மண் ஒரு ஓரமாகச் சுருண்டு ஒதுங்கியது. கண்ணாடியில் தெரிந்த முகம் பழையபடி ஆகிவிட்டது. பல் போயிற்று, கண் சுருங்கிற்று, வாய் மூடிக்கொண்டது. டீகனின் திரையில் எண் சரசரவென்று இறங்கியது.

நாங்கள் பின்னால் போனோம். கொஞ்ச நேரத்தில் காரின் தடதடப்பு நின்றுவிட்டது. முன்புறம் வைத்திருந்த தேநீர்க் குவளை அசையாமல் இருந்தது. டீகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அவரு சந்தோஷமா இருக்காரா?"

"தெரியல. வேல செய்றான்."

"நான் பூஜ்யம்தான் போட முடியும், லெஸ். இந்த முகத்துக்கு வேற எதுவும் போட முடியாது."

அவள் பூஜ்யம் போட்டாள். திரையை அணைத்துவிட்டு, தலையணைகளைப் பின்னிருக்கைக்கு எறிந்தாள். காற்றாடியில் நெவில் திரும்பவில்லை. கடைசிப் பண்ணை வரை ஒரு பக்கமும், அங்கிருந்து ஊர் வரை மறுபக்கமும் இழுத்துவிட்டு, சூரியன் சாயும்போதுதான் பணிமனைக்கு வந்தான். லாரி வரும் என்று அவனுக்குத் தெரியும். சாவியை என்னிடம் கொடுக்காமல் அவனே ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை பில்பீம் கம்பளத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவர் கஷ்டம் இதுதான். மகிழ்ச்சி பூஜ்யம் என்றால் நெவில் செய்தது மகிழ்ச்சியான செயல் இல்லை. பிளேடும் தரையைத் தொட்டிருக்கிறது. அப்படியானால் அது வேலை. ஒரு முழு நாள் வேலை செய்தவனை வேலைக்குத் தகுதியில்லாதவன் என்று எப்படி எழுதுவது? எழுதினால், தகுதியில்லாதவனை மேற்பார்வையோடு நாள் முழுக்க வேலை வாங்கிய குற்றம் மகிழ்ச்சிப் பிரிவின் தலையில் விழும். மதியம் வரை நடந்தார். பிறகு, ஆற்றல் சிகிச்சையால் நெவில் ப்ரௌஸ் பூரணமாகக் குணமடைந்தான் என்று கையெழுத்துப் போட்டார். லாரி காலியாகத் திரும்பிப் போயிற்று.

அடுத்த மாத முடிவில் எல்லோரையும் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். லாமிங்டன் கேக் வைத்திருந்தார்கள். பில்பீம் வரைபடத்தை மாட்டினார். கூரையை நோக்கி ஏறிய கோடு தலைகுப்புற விழுந்து கிடந்தது.

"நான் ஒளிக்க விரும்பல" என்றார். "சாலை சரியான நாள்லேருந்து மக்கள் நம்மகிட்ட வர்றது பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு. தங்கள் உடம்ப மறந்துட்டாங்க. இது ரொம்பக் கவலையான போக்கு. இப்படியே போனா இந்த ஷயர்ல குணப்படுத்த ஆளே இருக்க மாட்டாங்க. அதனால கிரேடர் வேகத்தப் பத்தி நாம எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் யோசிக்கணும்."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நெவில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். விடியலில் தூறியிருந்தது. அவன் எழுந்து, ஒரு லாமிங்டனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பில்பீம் பேசி முடிப்பதற்குள் கிரேடர் ஊர் எல்லையைத் தாண்டும் சத்தம் கேட்டது. எனக்கும் எழுந்து போக வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கு ஓட்டக் கிரேடர் இல்லை. நாங்கள் பந்துகளின் மேல் உட்கார்ந்து கைதட்டினோம். கைதட்டுவதும் வயிற்றுத் தசைக்கு நல்லதாம்.